தொட்டி பெரிது, குழாய் சின்னது

போன வாரம் கடலூரிலிருந்து தம்பி போன் செய்தான். மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது, பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டானாம். "அக்கா, டிஸ்க் போடுற மாடலுக்கும் டிஸ்க் இல்லாத மாடலுக்கும் விலையில ஆயிரக்கணக்குல வித்தியாசம். எல்லாத்தையும் நெட்லயே இறக்கிக்கலாம்கிறாங்க. எதை வாங்கட்டும்?" என்றான். ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்த டிஸ்க் விஷயம் இருபது வருஷமாக என் மனசில் ஓடிக்கொண்டிருப்பது. "எழுதி அனுப்புறேன், படிச்சிட்டு முடிவு பண்ணு" என்றேன். அவனுக்காக எழுதியதை இங்கேயும் போடுகிறேன்.

நான் பார்ப்பது தண்ணீர் வேலை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வால்வு திறப்பது, கடைசி வீட்டில் என்ன ப்ரஷர் நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. புதுத் தொட்டி கட்டினால் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று: எத்தனை லட்சம் லிட்டர்? கீழே இறங்கும் குழாய் எத்தனை இன்ச் என்று யாரும் கேட்பதில்லை. வாசலில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவருக்குத் தொட்டியின் கொள்ளளவால் என்ன ஆகப்போகிறது? குடம் நிரம்ப எத்தனை நிமிஷம், அதுதான் அவருக்குக் கணக்கு.

கேம் டிஸ்க்கையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். டிஸ்க் தொட்டி. அதைப் படிக்கும் வேகம் குழாய். கன்சோலுக்குள், அதாவது கேம் பெட்டிக்குள், விளையாடும்போது தேவையானதை எடுத்து வைத்துக்கொள்ளும் நினைவகமான ரேம் குடம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நாம் ஏன் அவ்வளவு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று புரியும்.

எங்கள் தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பென்ஷனோடு வாழ்ந்தவர். மாமா பிரான்சிலேயே தங்கிவிட்டார். 2005 டிசம்பரில் மாமா வந்தபோது பெட்டியில் ஸ்வெட்டருக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்ததுதான் எங்கள் பிளேஸ்டேஷன் 2, அந்த மெல்லிய மாடல். கூடவே நாலு டிஸ்க், அங்கே வாங்கியவை, எல்லாம் பிரெஞ்சில். "இந்தாம்மா, தம்பியோட சண்டை போடாம விளையாடணும்" என்று என் கையில்தான் கொடுத்தார்.

முதல் நாள் திரையில் வந்த முதல் பிரெஞ்சு வார்த்தை "ஷார்ஷ்மான்". வந்து நின்றது, போகவே இல்லை. தாத்தாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "சுமை ஏத்துறதும்மா. லாரியில மூட்டை ஏத்துறாங்கள்ல, அதுக்கும் இதே வார்த்தைதான்." லோடிங் என்று ஆங்கிலத்தில் பிற்பாடு எத்தனையோ முறை படித்திருக்கிறேன். மூட்டை ஏற்றுகிற படம்தான் இன்றைக்கும் முதலில் மனசில் வருகிறது.

அந்த மெல்லிய மாடலில் டிஸ்க்கை மேல் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். திறந்தால் நடுவில் அச்சு, பக்கத்தில் ஒரு நீளப் பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு கண்ணாடிக் கண். பட்டாணி அளவுகூட இருக்காது. சாய்த்துப் பார்த்தால் நீலமாக மின்னும். டிஸ்க்கை அழுத்தி வைத்து மூடினால் முதலில் "உய்ய்" என்று சுழல ஆரம்பிக்கும். அப்புறம் "டிக், டிக்": அந்தக் கண் மேலும் கீழும் அசைந்து குவியம் பிடிக்கிற சத்தம். கடைசியாக "க்ர்ர்" என்று பள்ளத்தில் ஓடி இடம் தேடும். இந்த மூன்று சத்தமும் வரிசையாக வந்தால் கேம் ஓடும். இரண்டாவது சத்தம் நாலு தடவைக்கு மேல் கேட்டால் தம்பி முகம் வாடிவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

1994-ல் ஜப்பானில் வந்த முதல் பிளேஸ்டேஷனில் இரட்டை வேக சிடி டிரைவ். ஒற்றை வேகம் என்றால் நொடிக்கு 150 கேபி, இரட்டை என்றால் 300. தொட்டி ஏறக்குறைய 650 எம்பி. குடம், அதாவது முதன்மை ரேம், 2 எம்பி. நிரம்ப 7 நொடி. 1998-ல் வந்த சேகா ட்ரீம்காஸ்டில் ஜிடி-ராம் என்று ஒரு தனி டிஸ்க், 1 ஜிபி பிடிக்கும். 12 மடங்கு வேகம், உச்சத்தில் நொடிக்கு 1.8 எம்பி. ரேம் 16 எம்பி. நிரம்ப 9 நொடி. 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2-ல் டிவிடி. ஒரு அடுக்கென்றால் 4.7 ஜிபி, இரண்டு அடுக்கென்றால் 8.5. நாலு மடங்கு வேகம், நொடிக்கு 5.28 எம்பி. ரேம் 32 எம்பி. நிரம்ப 6 நொடி.

இது காகிதக் கணக்கு. லேசர் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும் நேரம், சுருக்கி வைத்த தரவை விரிக்கும் நேரம் எல்லாம் சேர்ந்தால் நிஜத்தில் இன்னும் கூடும். ஆனாலும் பாருங்கள், 7, 9, 6. தொட்டியும் குழாயும் குடமும் ஒன்றோடொன்று ஏறக்குறைய பொருந்திப் போன காலம் அது.

அடுத்து 2006-ல் பிளேஸ்டேஷன் 3. ப்ளூரே, 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50. தொட்டி மளமளவென்று பெருத்துவிட்டது. குழாய்? இரட்டை வேக ப்ளூரே, நொடிக்கு 9 எம்பி. பிளேஸ்டேஷன் 2-ன் குழாயைவிட இரண்டு மடங்குகூட இல்லை. ரேமோ 256-ம் 256-ம் சேர்த்து 512 எம்பி, பதினாறு மடங்கு. நிரம்ப 57 நொடி. 2013-ல் பிளேஸ்டேஷன் 4: ஆறு மடங்கு வேகம், உச்சத்தில் 27 எம்பி. ரேம் 8 ஜிபி. நிரம்ப 5 நிமிஷம்.

இந்த வரிசையை முதன்முதலில் ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. டிஸ்க் ஏன் தோற்றது என்பதற்கு முழு விளக்கமும் அந்த ஐந்து எண்களில் இருந்தது.

ஏன் குழாய் கூடவே பெரிதாகவில்லை? இதைப் புரிந்துகொள்ள அம்மா போடும் கோலம் உதவும். டிஸ்க்கின் அடியில் புள்ளிகள் ஒரே சுருள் கோடாக, உள்ளிருந்து வெளியே போகின்றன. சிடியைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், தடித்த கோலமாவு மாதிரி. கோட்டுக்குக் கோடு 1.6 மைக்ரான் இடைவெளி வேண்டும். டிவிடிக்கு 650 நானோமீட்டர், இடைவெளி 0.74. ப்ளூரேவின் ஊதா லேசர் 405 நானோமீட்டர், இடைவெளி 0.32. கோட்டுக்குள் இருக்கும் புள்ளியின் நீளமும் 0.83 மைக்ரானிலிருந்து 0.15 ஆகக் குறுகிவிட்டது. ஆக, கோடும் ஐந்து மடங்கு நெருங்கியது, புள்ளியும் ஐந்து மடங்குக்கு மேல் நெருங்கியது. இரண்டும் பெருக்கிக்கொள்ளும். அதோடு எழுதும் முறையிலும் சிக்கனம் வந்தது. 650 எம்பி 25 ஜிபி ஆனது இப்படித்தான்.

ஆனால் லேசர் ஒரு நேரத்தில் ஒரு கோட்டின் மேல்தான் போகிறது. பக்கத்துக் கோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அதனால் வேகத்துக்கு லாபம் இல்லை. அதே சுழற்சியில் வேகம் கூடுவது புள்ளி நெருங்கிய அளவுக்கு மட்டும்தான். கொள்ளளவு பரப்பைப் பொறுத்தது, வேகம் நீளத்தைப் பொறுத்தது. அப்படியென்றால் வேகமாகச் சுழற்றலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு. கம்ப்யூட்டரில் வந்த 52 மடங்கு சிடி டிரைவ்கள் நிமிஷத்துக்கு 10,000 சுற்றை எட்டின. கீறலோ விரிசலோ இருந்த டிஸ்க் உள்ளேயே சிதறிய கதைகள் உண்டு. வரவேற்பறையில் படம் பார்க்கும் பெட்டியில் அந்தச் சத்தத்தை யார் தாங்குவார்கள்?

இன்னொரு விஷயம். "உச்சத்தில்" என்று சில இடத்தில் சொன்னேன் இல்லையா? வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவில் குடை ராட்டினம் ஏறியவர்களுக்கு இது தெரியும். நடுவில் உட்கார்ந்தவரும் ஓரத்தில் உட்கார்ந்தவரும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்று முடிக்கிறார்கள், ஆனால் ஓரத்தில் இருப்பவர் முகத்தில்தான் காற்று அறைகிறது. சீரான சுழற்சியில் ஓடும் டிரைவ்களில் டிஸ்க்கின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகத் தரவு தரும். பாட்டு சிடி இப்படி இல்லை. உள்ளே இருக்கும்போது நிமிஷத்துக்கு 500 சுற்று, வெளி ஓரத்துக்குப் போகப் போக 200 சுற்று என்று தன்னையே மெதுவாக்கிக்கொண்டு ஒரே வேகத்தில் பாடும். பிளேஸ்டேஷன் 3-ன் ப்ளூரேவும் இந்த வகைதான்.

இவ்வளவு குறுகிய குழாயை வைத்துக்கொண்டு கேம் செய்தவர்கள் காட்டிய கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை கூடுகிறது. 1996-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் கேமில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு மெதுவாகத் திறக்கும். அந்தக் கதவுக்குப் பின்னால் அடுத்த அறையை டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். பயமும் கூடும், காத்திருப்பும் தெரியாது. நாம்கோ நிறுவனத்தின் ரிட்ஜ் ரேசர் அதைவிட அழகு. முதல் பிளேஸ்டேஷனில் மொத்த கேமையும் ரேமிலேயே அடைத்துவிட்டார்கள். ஏற்றி முடித்ததும் டிஸ்க்கை எடுத்துவிட்டுப் பாட்டு சிடி போட்டு அந்தப் பாட்டுக்கே வண்டி ஓட்டலாம். அது ஏறிக்கொண்டிருக்கும்போது விளையாட கேலக்சியன் என்ற பழைய கேம் வேறு வைத்திருந்தார்கள். ஏற்றும் நேரத்தில் இன்னொரு சின்ன விளையாட்டு என்ற இந்த யோசனைக்கு நாம்கோ காப்புரிமையே வாங்கி வைத்திருந்தது. அது 2015-ல்தான் காலாவதியானது. அதனால்தான் நம் காலத்து லோடிங் திரைகளில் வெறும் கோடு ஒன்று நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இது எனக்குப் பெரிய வருத்தம்.

ஒரு ஊருக்குள் வண்டி ஓட்டித் திரியும் கேம் ஜிடிஏ 3. அதைச் செய்த குழுவில் இருந்த ஓபே வெர்மெய் பல வருஷம் கழித்து ஒரு தகவல் சொன்னார். ஊரின் ஒவ்வொரு பகுதியையும் வண்டி போகப்போக டிவிடியிலிருந்து எடுக்க வேண்டும். சில இடங்களில் வண்டியின் வேகத்துக்கு டிஸ்க் ஈடுகொடுக்கவில்லை. சாலைகளின் அமைப்பை மாற்றியும், வண்டிக்குக் காற்றின் எதிர்ப்பைக் கொஞ்சம் கூட்டியும் சமாளித்தார்களாம். டிஸ்க்கின் வேகத்துக்காக ஒரு ஊரின் தெருவையே வளைத்திருக்கிறார்கள்!

இதை நானும் தம்பியும் கண்ணால் பார்த்திருக்கிறோம். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய டிஸ்க் ஒன்று வாங்கினோம், அதே ஜிடிஏ வரிசையில் வந்த சான் ஆண்ட்ரியாஸ். அடியில் நாலைந்து கீறல். விற்றவர் வேட்டி நுனியால் துடைத்து "நல்லா ஓடும்" என்றார். ஓடியது. ஆனால் தம்பி பைக்கில் பாலத்தின் மேல் முழு வேகத்தில் போகும்போது ரேடியோப் பாட்டு முதலில் திக்கும். அடுத்து எதிரே கட்டடங்கள் களிமண் கட்டி மாதிரி வடிவமில்லாமல் நிற்கும். அப்புறம் சாலையே மங்கிவிடும். உடனே "மெதுவா போ, மெதுவா போ" என்று நான் கத்துவேன். அவன் பிரேக் பிடித்து நிற்பான். டிரைவ் "க்ர்ர், க்ர்ர்" என்று தேடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவோம். சாலையில் வெள்ளைக் கோடு ஒவ்வொன்றாக வந்து விழும். கீறல் இருந்த இடத்தில் லேசர் திரும்பத் திரும்பப் படிக்கிறது, அதனால் குழாய் இன்னும் குறுகுகிறது என்று பிற்பாடு புரிந்தது. அன்றைக்கு நாங்கள் கண்டுகொண்டது, அந்தப் பாலத்தில் மட்டும் மெதுவாகப் போக வேண்டும் என்பது.

பிளேஸ்டேஷன் 3 காலத்துக்கு வந்தால், குழாய் போதாத ஊரில் ஜனங்கள் என்ன செய்வார்களோ அதையே கன்சோல்களும் செய்தன. வீட்டுக்கு வீடு சம்ப் கட்டிவிட்டார்கள். ராத்திரியெல்லாம் சின்னக் குழாயில் சம்ப்பை நிரப்பிக்கொள், காலையில் மோட்டார் போட்டு எடுத்துக்கொள். கன்சோலுக்குள்ளேயே நிரந்தரமாக இருக்கும் ஹார்ட் டிஸ்க்தான் சம்ப். 2008-ல் வந்த மெட்டல் கியர் சாலிட் 4, 50 ஜிபி டிஸ்க்கில் வந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ஹார்ட் டிஸ்க்கில் தரவை இறக்கிக்கொள்ளும். அதுவரை கதாநாயகன் ஸ்நேக் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பார். மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360 வேறு வழியில் போனது. 2005-ல் வந்த அது டிவிடியிலேயே நின்றது, 12 மடங்கு வேகம், உச்சத்தில் ஏறக்குறைய 16 எம்பி. பிளேஸ்டேஷன் 3-ஐவிடக் குழாய் பெரிது, தொட்டி சின்னது. ஃபைனல் ஃபேன்டசி 13 பிளேஸ்டேஷன் 3-ல் ஒரே டிஸ்க், 360-ல் மூன்று. 2008 நவம்பரில் அதிலும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது.

பிளேஸ்டேஷன் 4 வந்தபோது டிஸ்க்கிலிருந்து நேராக விளையாடுவது முடிந்துபோன கதை. எல்லாமே முதலில் சம்ப்புக்குத்தான். 2018-ல் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 அதில் இரண்டு ப்ளூரேயில் வந்தது: ஒன்று தரவை இறக்க மட்டும், இன்னொன்று விளையாடும்போது உள்ளே இருக்க. ஹார்ட் டிஸ்க்கும் சுழலும் தட்டுதானே, அதிலும் தலை தாவ நேரம் ஆகும். அதனால் ஒரே பொருளைப் பல இடத்தில் பிரதி எடுத்து வைத்தார்கள். பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச் உரையில் ஸ்பைடர்மேன் கேமைச் சொன்னார்: சில தரவுத் துண்டுகள் 400 தடவை ஹார்ட் டிஸ்க்கில் இருந்தனவாம். பிளேஸ்டேஷன் 5-ல் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி, சுழலும் தட்டே இல்லாத சம்ப், நொடிக்கு 5.5 ஜிபி. ரேம் 16 ஜிபி. நிரம்ப 3 நொடி. இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் குடமும் குழாயும் மறுபடி பொருந்திவிட்டன.

எங்கள் பிளேஸ்டேஷன் 2 பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2011 டிசம்பர் 30, தானே புயல். கரை கடந்தது எங்களுக்கும் கடலூருக்கும் நடுவே. அம்மா முதல் நாள் ராத்திரியே கன்சோலை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி டப்பாவோடு பரணில் ஏற்றிவிட்டார். தெருவுக்குக் கரண்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. வந்த அன்று இறக்கிப் போட்டுப் பார்த்தோம். டிவிடி கேம் ஓடியது. மாமா கொடுத்ததில் அடிப்பாகம் நீலமாக இருந்த ஒன்று மட்டும் ஓடவில்லை. பழைய பிளேஸ்டேஷனின் கறுப்பு டிஸ்க்கும் ஓடவில்லை. ஒரு ரிப்பேர் கடையில் திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போச்சு, தூக்கிப் போடுங்க" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டாவது கடையில் ஒரு பெரியவர். ரேடியோ, டேப் காலத்திலிருந்து வேலை பார்ப்பவர். "எந்த டிஸ்க்கு ஓடுது, எந்த டிஸ்க்கு ஓடலை, அதை மொதல்ல சொல்லும்மா" என்றார். சொன்னேன். "நீல டிஸ்க்கு, கறுப்பு டிஸ்க்கு ரெண்டும் சிடி. இதுக்குள்ள சிடிக்கு ஒரு லேசர், டிவிடிக்கு ஒரு லேசர். ஒரு கண்ணு மங்கிப்போச்சு, இன்னொரு கண்ணு நல்லா இருக்கு." பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு லென்ஸை ஒரே சுற்றில் துடைத்தார். பள்ளத்தின் இரண்டு பக்கக் கம்பியிலும் பழைய கிரீஸ் கடல் காற்றில் மெழுகாக இறுகியிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினார். நீல டிஸ்க் ஓடவில்லை. ஆனால் டிவிடியை வைத்ததும் அந்த மூன்று சத்தமும், 2005-ல் கேட்ட மாதிரியே, சுத்தமாக வந்தது. ஐம்பது ரூபாய்தான் வாங்கிக்கொண்டார்.

இப்போது தம்பிக்குப் பதில்.

டேய், டிஸ்க் போடுற மாடலையே வாங்கு. டிஸ்க்கிலிருந்து நேராக விளையாட முடியாது, அது உனக்கே தெரியும். சம்ப்பை நிரப்பத்தான் அது. ஆனால் நிரப்புகிற குழாய் எது என்று யோசி. இப்போது ஒரு டிஸ்க்கில் 100 ஜிபி வரை பிடிக்கும். ப்ளூரே பத்து மடங்கு வேகம், உச்சத்தில் நொடிக்கு 45 எம்பி. 90 ஜிபி கேம் ஒன்றை அந்த வேகத்தில் இறக்கினால் 33 நிமிஷம். உள் வட்டத்தில் மெதுவாகப் போவதால் இன்னும் கூடும். உன் வீட்டு நெட் 50 எம்பிபிஎஸ். அது மெகாபிட் கணக்கு, எட்டால் வகுத்தால் நொடிக்கு 6 எம்பி சொச்சம். நம் பழைய பிளேஸ்டேஷன் 2-ன் டிவிடி குழாயைவிடக் கொஞ்சம்தான் பெரிது! அதே 90 ஜிபிக்கு 4 மணி நேரம், நடுவில் கரண்ட் போகாமல், வீட்டில் வேறு யாரும் படம் பார்க்காமல் இருந்தால்.

அதோடு உள்ளே இருக்கும் இடம் 825 ஜிபி, 1 டிபி என்று மாடலைப் பொறுத்தது. பெரிய கேம் எட்டு பத்து ஏற்றினால் நிரம்பிவிடும். ஒன்றை அழித்துத்தான் இன்னொன்றை ஏற்ற வேண்டும். திரும்ப வேண்டுமென்றால் மறுபடி 4 மணி நேரம். டிஸ்க் அலமாரியில் இருந்தால் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஏறிவிடும். அப்டேட் மட்டும் எப்படியும் நெட்டில்தான் வரும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பாப்பா விளையாடி முடித்த டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் என் வீட்டில் இருக்கும். நெட்டில் வாங்கியதை எப்படி எனக்குக் கொடுப்பாய்? விலை அதிகம்தான். பாதியை நான் தருகிறேன்.

பிறந்தநாளன்று முதல் டிஸ்க் போடும்போது மூடிய ஜன்னல், நின்ற ஃபேன், கொஞ்சம் அமைதி வேண்டும். சுழல ஆரம்பிக்கும் சத்தத்தைப் பாப்பா கேட்கட்டும். மொபைலில் ஸ்டாப்வாட்ச் ஓடவிடு. எத்தனை ஜிபி, எத்தனை நிமிஷம் என்று பாப்பாவையே ஒரு தாளில் எழுதச் சொல்லிப் படம் பிடித்து அனுப்பு. டைரியில் ஆறாவது எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன்.